கையேடு எழுதும் வேலைக்கு நல்ல ஆங்கிலம் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயந்திரங்களுக்கும் கருவிகளுக்கும் கையேடு எழுதும் தொழில்நுட்ப எழுத்துப் பணி பற்றித் தங்கள் இதழின் மாணவர் பகுதியில் சென்ற வாரம் வெளியான கட்டுரை, இங்கே மொரிசியஸின் எபேன் நகர நிறுவனங்களில் வேலை தேடும் நம் பிள்ளைகளுக்கு உகந்ததுதான். ஆனால், நல்ல ஆங்கிலம் எழுதத் தெரிந்தாலே அவ்வேலை கிடைத்துவிடும் என்று அதில் சொல்லியிருப்பதை, பதினெட்டு ஆண்டுகளாக இயந்திரக் கையேடுகள் எழுதி வருகிறவன் என்ற முறையில் என்னால் ஒப்புக்கொள்ள இயலவில்லை.

நான் இத்தொழிலுக்கு வந்தது ஒரு துணியாலையின் சாயப் பிரிவிலிருந்து. அங்கே சாயத்தொட்டியின் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. மேற்பார்வையாளர் அதைப் பிரெஞ்சில் விளக்குவார். தொழிலாளர்கள் தங்களுக்குள் எங்கள் பேச்சுமொழியான கிரியோலில் சொல்லிக்கொள்வார்கள். மூடியைத் திறக்கச் சொல்லும் வரி ஒரு பக்கத்தில் இருக்க, உள்ளே அழுத்தம் தணிந்துவிட்டதா என்று பார்க்கச் சொல்லும் எச்சரிக்கை அடுத்த பக்கத்தில் இருந்தது. ஒருநாள் அந்த மூடியைத் திறந்து கை வெந்துபோனவர் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கவில்லை. ஆபத்தைச் சொல்லும் வரி ஆபத்தான செயலுக்கு முன்னால் வர வேண்டும் என்பது இத்தொழிலின் முதற்பாடம். அக்கையேட்டில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கென வகுத்த எளிய ஆங்கில விதித்தொகுப்பில், துறைச்சொற்கள் நீங்கலாக ஏறத்தாழ 900 சொற்களுக்குத்தான் இடமுண்டு. செயல்முறை வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக் கூடாது. 'ஃபாலோ' என்றால் பின்னால் வருவது மட்டுமே. விதியைக் கடைப்பிடிப்பது என்ற பொருளில் அதை அங்கே ஆள முடியாது. சொல்வளம் மிக்கவர்களுக்குத்தான் இதில் மூச்சு முட்டும். தமிழ் படித்த மாணவர்களுக்கோ இது புதிதன்று: நன்னூற் பாயிரம் அடுக்கும் பத்துக் குற்றங்களில் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மயங்க வைத்தல் ஆகிய நான்கையும் நாள்தோறும் பிறர் வரைவுகளில் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டிருக்கிறேன். (மற்றொன்று விரித்தல் என்னும் குற்றத்துக்கு இக்கடிதத்தில் நானே ஆளாகிவிடக் கூடாது.)

எனவே வேலை தேடுகிறவர் சான்றிதழைவிட மாதிரி ஒன்றைக் கையில் கொண்டுபோவது நல்லது. வீட்டுக் கூரையிலுள்ள சூரிய வெந்நீர்க் கலத்தின் குறிப்பேட்டை எடுத்துத் திருத்தி எழுதி, அக்கலத்தை ஒருநாளும் தொட்டிராத ஒருவரிடம் கொடுத்து, அவர் எந்த வரியில் தயங்குகிறார் என்பதை வாய் திறவாமல் பார்த்து, பிறகு மீண்டும் எழுதட்டும். இரண்டு வரைவுகளையும் அருகருகே வைத்துக் காட்டினால் நேர்காணலில் பேச நிறைய இருக்கும். உரையை வடிவமைக்கும் மார்க்டவுன், வரைவுகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் போன்ற கணினிக் கருவிகளைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். பொறியாளரிடம் ஒரே கேள்வியை மூன்றாம் முறையும் கூச்சமின்றிக் கேட்கப் பழகுவதற்குத்தான் ஆண்டுகள் பிடிக்கின்றன. மும்மொழியிலும் மாறிமாறிப் பேசி வளரும் நம் பிள்ளைகள், கருத்து எந்த இடத்தில் வழுக்குகிறது என்பதை விரைவில் உணர்வார்கள் என்பது என் அனுபவம்.

கட்டுரை சொல்லாமல் விட்ட செய்தி ஒன்றும் உண்டு. 1953இல் அமெரிக்காவில் தொடங்கிய தொழில்நுட்பத் தகவல்தொடர்புச் சங்கம் என்னும் இத்தொழிலாளர்களின் அமைப்பு, பணமுடையால் 2025 சனவரியில் மூடப்பட்டது. செயற்கை நுண்ணறிவு முதல் வரைவைச் சில நொடிகளில் எழுதித் தந்துவிடுவதால் தொடக்கநிலை வேலைகள் குறையும் என்றே நான் கணிக்கிறேன். ஆனால் அந்த வரைவோடு இயந்திரத்தின் முன்னால் நின்று, ஒவ்வொரு வரியையும் செய்து பார்ப்பதற்கு ஆள் வேண்டும். தேர்ந்த எழுத்தாளருக்கு அங்கேதான் வேலை இருக்கிறது.

மாதம் ஒருமுறை அரைப்பக்கம் ஒதுக்கி, மாணவர்கள் திருத்தி எழுதிய இத்தகைய குறிப்புகளைத் தாங்கள் வெளியிட வேண்டுகிறேன். அச்சுக்கு முன் அவற்றைப் படித்துத் திருத்தித் தரும் பொறுப்பை ஊதியமின்றி நானே ஏற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
ரோஸ்ஹில், மொரிசியஸ்