ஏழு பேர் போதும், கழகத் தலைவர்மாரே

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட விளையாட்டுக் கழக நிர்வாகிகளுக்கு,

வணக்கம். றக்பி என்றதுமே "அது கொழும்பு, கண்டிப் பொடியனுகள்ட விளையாட்டு கா" என்று கையை விரித்துவிடுகிறோம். பதினைந்து பேர் ஆட்டம் என்றால் சரி, நானும் அப்படித்தான் சொல்லுவேன். ஆனால் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் வளர்ந்த விதத்தைப் பாருங்கள், நம்ம ஊர்க் கழகம் ஒன்றின் கதை மாதிரியே இருக்கும்.

1883 இல் ஸ்கொட்லாந்தின் மெல்ரோஸ் என்ற சின்ன ஊரில் கழகத்தின் கையில் காசில்லை. இறைச்சிக்கடையில் வேலை செய்த நெட் ஹெய்க் என்பவர், சுற்றுப்போட்டி வைத்துப் பணம் சேர்க்கலாம் என்றார். ஒரே பின்னேரத்தில் பதினைந்து பேர் அணிகளை வைத்துப் பல ஆட்டங்கள் நடத்த முடியாது, அதனால் ஆளைக் குறைத்தார்கள், அவ்வளவுதான். இறுதிப்போட்டியில் மெல்ரோசும் பக்கத்து ஊர் காலாவும் சமநிலை. மேலதிக நேரம் ஆடலாம் என்று பேசித் தொடங்கி, முதலில் புள்ளி எடுத்த மெல்ரோஸ்காரர் "நாங்கதான் வென்றோம்" என்று மைதானத்தை விட்டே நடந்துவிட்டார்கள். காலாக்காரர் கத்தினதுதான் மிச்சம். நம்ம மென்பந்து இறுதிப்போட்டிகளில் நடக்காததா!

அப்புறம் ஹொங்கொங். றக்பிச் சங்கத் தலைவர் டொக்கி ஸ்மித்தும் ஒரு சிகரெட் கம்பனியின் இயன் கோவும் பேசி, 1976 மார்ச் 28 இல் 12 அணிகளை அழைத்து ஹொங்கொங் உதைபந்தாட்டக் கழக மைதானத்தில் ஒரு செவன்ஸ் சுற்றுப்போட்டியைத் தொடங்கினார்கள். பீஜி, டொங்கா, ஜப்பான் எல்லாம் வந்த அந்த முதல் போட்டியிலேயே இலங்கையும் ஆடியது. கிண்ணம் நியூசிலாந்தின் கன்டேபிரியன்ஸ் அணிக்கு. அங்கே வளர்ந்த செவன்ஸ்தான் 2016 இல் ரியோ ஒலிம்பிக்குக்குப் போனது. இறுதியில் பீஜி 43-7 என்று பிரித்தானியாவை அடித்து நொறுக்கியது. பத்து லட்சம் பேர்கூட இல்லாத அந்த நாட்டுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். அந்தச் சந்தோசத்தில் ஏழு டொலர் நோட்டே அடித்துவிட்டார்கள்.

நான் உங்களிடம் கேட்க வந்தது ஹொங்கொங்காரரின் இன்னொரு பழக்கத்தைப் பற்றி. அங்கே அந்தக் காலத்தில் முதல் சுற்றில் தோற்ற அணி பையைக் கட்டிக்கொண்டு போய்விடவில்லை; பிளேட், பௌல் என்று கீழ்த்தட்டுக் கிண்ணங்களுக்காகத் தொடர்ந்து ஆடியது. 1984 இல் இலங்கை வென்றது அந்த பௌல் கிண்ணத்தைத்தான். நம்ம பக்கம் என்ன நடக்கிறது? வாகரையில் இருந்தோ திருக்கோவிலில் இருந்தோ வான் பிடித்து, நுழைவுக் கட்டணமும் கட்டி வரும் பொடியன்கள் முதல் ஆட்டத்தில் தோற்றால் காலை ஒன்பதரைக்கே மரத்தடியில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு இருக்கிறார்கள், மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல்கூட வந்திருக்காது. அடுத்த வருசம் அந்த அணி ஏன் வரப்போகிறது?

தோற்ற அணிக்கும் கிண்ணம் வைத்து நாமும் ஒரு செவன்ஸ் போட்டி நடத்துவோம். கணக்கும் லேசு. பாதிக்கு ஏழு நிமிடம், இடைவேளை இரண்டு நிமிடம், அணி மாறும் நேரத்தையும் சேர்த்தால் ஓர் ஆட்டத்துக்கு இருபது நிமிடம். எட்டுக் கழகங்களை இரண்டு குழுவாகப் பிரித்தால் 12 குழு ஆட்டங்கள், மேல் நான்கு அணிக்கும் கீழ் நான்கு அணிக்கும் தனித்தனியே அரையிறுதி, இறுதி என்று இன்னும் ஆறு. மொத்தம் 18, ஆறு மணித்தியாலம். உச்சி வெயிலில் ஓய்வு விட்டாலும் பொழுது படுவதற்குள் முடியும். கடைசி அணியும் குறைந்தது நான்கு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போகும்.

ஆவணி மாதத்தில் மட்டும் வைக்காதீர்கள். அப்போது நம்ம மைதானங்கள் வெடித்து, விழுந்தவன் முழங்காலில் தோலே இருக்காது. மாரி ஓய்ந்து மாசி, பங்குனியில் புல் நிற்கும்போது வையுங்கள். முதல் வருசம் ஆளைப் பிடித்து விழுத்தும் டக்கிளே வேண்டாம், தொட்டால் போதும் என்ற டச் றக்பியாக ஆடட்டும். கபடி ஆடி வளர்ந்த பிள்ளைகளுக்குத் தொடவும் தப்பவும் நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை; பந்தை முன்னால் எறியக்கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் என்பதைப் பழக்கத்தான் கொஞ்ச நாள் எடுக்கும். டக்கிள் தொடங்கும்போது பயிற்றுநரும் முதலுதவிக்காரரும் இல்லாமல் தொடங்கவேண்டாம்.

பெண்களுக்கும் அதே நாளில், அதே மைதானத்தில் வையுங்கள். ரியோவில் பெண்கள் செவன்சும் இருந்தது, அவுஸ்திரேலியா தங்கம் எடுத்தது. "பிறகு பார்ப்பம்" என்று அவர்களைத் தள்ளிப்போடும் பழக்கம் இதில் வேண்டாம்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுங்கள். எந்த எட்டுக் கழகம், எந்த மைதானம், யார் நடுவர் என்பதை மட்டும் முடிவுசெய்தால் போதும், மேடையும் மாலையும் பிறகு பேசலாம்.

இப்படிக்கு,
கல்லடியில் இருந்து ஒரு ரசிகன்