நாங்கள் வீட்டில் இல்லாத சாயங்காலங்கள்

கிறிஸ்துவுக்குள் அன்பான எல்லோருக்கும்,

மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டான். இதை எழுதும்போது பக்கத்து அறையில் தங்கைகளோடு ஏதோ வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறான். சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். என்ன நடந்தது, எவ்வளவு தூரம் போனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்களும் எங்களோடு அதைச் சுமந்தவர்கள். அதனால் அதை மறுபடி கிளற வேண்டாம். நன்றி சொல்ல வேண்டும், நெஞ்சு ஆறிப்போவதற்குள் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இரத்தம் கொடுத்தவர்கள், நள்ளிரவில் கூப்பிட்டபோதும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தவர்கள், ஆஸ்பத்திரி பில்லில் ஒரு பகுதியைக் கட்டிவிட்டு யாரென்று சொல்லாமலே போனவர்கள், என் கணவரின் வேலையையும் சேர்த்து இழுத்துப்போட்டுச் செய்த அவருடைய நண்பர்கள், “கொஞ்ச நேரம் படுங்கம்மா, நான் பார்த்துக்கிறேன்” என்று ராத்திரி டியூட்டியில் அவன் பக்கத்திலேயே நின்ற நர்ஸ் தங்கை, உபவாசம் இருந்து ஜெபித்த சபையார், போதகர் ஐயா, தங்கள் வழியில் தங்கள் சாமியிடம் எங்களுக்காக வேண்டிக்கொண்ட நண்பர்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒவ்வொருவரையும் தனித்தனியே வந்து பார்க்கத்தான் ஆசை. வருவோம்.

மாற்கு சுவிசேஷம் 2ஆம் அதிகாரத்தில், நடக்க முடியாத திமிர்வாதக்காரனைச் சுமந்துகொண்டு வந்த நாலு பேர் வருகிறார்கள். கூட்டத்தில் உள்ளே போக வழியில்லை என்றதும் கூரையைப் பிரித்து, படுக்கையோடு அவனை இறக்கினார்கள். அந்த நாலு பேரின் பெயர் எங்கேயும் இல்லை. ஆனால் இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று எழுதியிருக்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் எனக்கு ஒரு வார்த்தையும் வராமல் போன இரவுகள் உண்டு. அப்போதெல்லாம் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டேன். என்னால் முடியாவிட்டால் என்ன, சுமக்கிறவர்கள் வெளியே இருக்கிறார்கள், அவர்கள் கையை விடமாட்டார்கள் என்று ஒரு தைரியம்.

இனி ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுத வேண்டும். பெயரைப் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பெரியம்மா என்றே எழுதுகிறேன். நான் கூப்பிடுவதும் அப்படித்தான். சபையில் கடைசி வரிசையில், சுவரை ஒட்டி உட்காருகிறவர்கள். ஆராதனை முடிந்ததும் ஸ்தோத்திரம் சொல்லி, பிள்ளைகளின் தலையைத் தொட்டுவிட்டுப் போவார்கள். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை.

நானும் கணவரும் ஆஸ்பத்திரியிலேயே கிடந்த அந்த நாட்களில் பெண்பிள்ளைகள் இரண்டு பேரையும் என் நாத்தனார் எங்கள் வீட்டுக்கே வந்து தங்கிப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு நான் பட்டிருக்கும் கடனை எழுதித் தீர்க்க முடியாது. ஒரு நாள் சாயங்காலம் பெரியம்மா கதவைத் தட்டியிருக்கிறார்கள். என்ன உதவி வேண்டும் என்று கேட்கவில்லை. “உங்க வீட்டுல ஜெபம் எத்தனை மணிக்கு?” என்று கேட்டார்களாம். ஏழரைக்கு என்று சின்னவள் சொல்லியிருக்கிறாள். சரி என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அன்றிலிருந்து நாங்கள் திரும்பும் வரை ஏழரைக்கு எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நின்றதே இல்லை. முழங்கால் வலியோடு படியேறி வந்து, ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், பிள்ளைகள் ஆளுக்கொரு ஜெபம், அப்புறம் கர்த்தருடைய ஜெபம். கால் மணி நேரம்கூட ஆகாது. முடிந்ததும் போய்விடுவார்கள்.

இது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் இருந்தது இன்னொன்று. நாங்கள் திரும்பிய மறுநாள் செய்தித்தாளில் சுற்றிய ஒரு நோட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். “நீ இல்லாத சாயங்காலமெல்லாம் இதுல இருக்கும்மா” என்றார்கள்.

நாற்பது பக்க நோட்டு. அட்டையின் ஒரு மூலை மடிந்திருந்தது. உள்ளே நீலப் பேனாவில் பெரிய பெரிய எழுத்துகள். கண் சரியாகத் தெரியாததால் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் மேலே தேதி. அதன் கீழே அன்றைக்குப் பாடியது, வாசித்தது, அப்புறம் என் பிள்ளைகள் ஜெபித்தது. அவர்கள் சொன்னது சொன்னபடியே.

சின்னவளுக்குத்தான் பக்கம் பக்கமாகப் போயிருக்கிறது. “அண்ணன் ஊசிக்கு அழக்கூடாது ஆண்டவரே. அழுதாலும் பரவாயில்ல.” இன்னொரு நாள், “டாக்டர் அங்கிளுக்கு நல்லாத் தூக்கம் குடுங்க. தூங்காட்டி அவருக்கு மறந்துபோயிடும்.” வாசிக்கும் சங்கீதத்தை அவள்தான் தேர்ந்தெடுப்பாளாம். இரண்டே வசனம் உள்ள 117ஆம் சங்கீதம் திரும்பத் திரும்ப வருகிறது. பெரியம்மா ஒரு தடவையும் மறுத்ததாகத் தெரியவில்லை.

பெரியவளுடைய வரிகளைப் படித்துத்தான் நான் உடைந்துபோனேன். முதல் பக்கத்தில், “அக்கா இன்று ஜெபிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.” அடுத்த பக்கத்திலும் அதே. அதற்கடுத்ததில், “அக்கா பாட்டு மட்டும் பாடினாள்.” அப்புறம் மறுபடி, “உட்கார்ந்திருந்தாள்.” குறை சொல்லும் ஒரு வார்த்தை இல்லை, ஏன் என்ற கேள்வி இல்லை. விவரம் புரிகிற வயது அவளுக்கு. பயம் அவளுக்குத்தான் அதிகம் என்பதைப் பெரியம்மா கண்டுகொண்டிருக்கிறார்கள், விட்டுப்பிடித்திருக்கிறார்கள். நோட்டின் பாதிக்கு மேல் ஒரு பக்கத்தில், “அக்கா இன்று ஜெபித்தாள்” என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்கள். கீழே ஒரே வரி: “அம்மா கொஞ்சம் தூங்கணும்.”

நான் அவனுடைய கட்டிலைவிட்டு நகராமல் இருந்த நேரத்தில் என் மகள் எனக்காகக் கேட்டது அது. பெரியம்மா எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அவளாகச் சொல்லியிருக்கவும் மாட்டாள்.

அந்த நோட்டைப் படித்ததிலிருந்து என் அம்மா அப்பாவோடு இருந்த நாட்கள் நினைவில் வந்துகொண்டே இருக்கின்றன. அப்போதும் இப்படித்தான். கதவைச் சாத்திவிட்டுப் பாயை விரித்தால் எல்லோரும் வந்தாக வேண்டும். விருந்தாளி இருந்தால் அவரும் உட்கார வேண்டும். அப்பா வாசிப்பார், அம்மா பாட்டை எடுத்துக்கொடுப்பாள், நடுவில் யாராவது தூங்கிவிழுவோம். அன்றைக்கு நடந்த சண்டையெல்லாம் அந்த வட்டத்துக்குள்ளேதான் முடியும். பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சங்கீதத்தை வாசித்துவிட்டு, அப்புறமும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க எங்களால் முடிந்ததில்லை.

அந்தக் காலமே நல்ல காலம் என்று பலர் சொல்லும்போது என்னால் முழுதாகத் தலையாட்ட முடியாது. இன்றைய மருத்துவம் இல்லாவிட்டால் என் மகன் இல்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான், சார்லஸ் வெஸ்லி சகோதரர்களின் தாய் சூசன்னா வெஸ்லி அம்மையார் பெற்ற பத்தொன்பது பிள்ளைகளில் வளர்ந்து பெரியவர்களானது பத்துப் பேர்தான். அப்படிப்பட்ட காலத்துக்குத் திரும்பிப்போக எந்தத் தாயும் ஆசைப்பட மாட்டாள். நான் ஏங்குவது வேறொன்றுக்கு: எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில், கையில் எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்தக் கால் மணி நேரத்துக்கு. அதற்குக் காசு வேண்டாம், படிப்பு வேண்டாம். யாராவது ஒருவர் “ஏழரை ஆச்சு, வாங்க” என்று சொன்னால் போதும். எங்கள் வீட்டில் சொல்ல ஆளில்லாதபோது அதைச் சொல்லப் பெரியம்மா வந்தார்கள்.

அந்தச் சூசன்னா அம்மையாரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்கிறேன். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் 1709இல் அவர்கள் வீடு தீப்பிடித்து எரிந்தது. ஐந்து வயது ஜானை மாடி ஜன்னல் வழியாகக் கடைசி நேரத்தில் தூக்கினார்கள். வீடு போனதால் பிள்ளைகளை வெவ்வேறு வீடுகளில் பிரித்து விட வேண்டியதாயிற்று. மறுபடி எல்லோரும் ஒன்றுசேர்ந்த பிறகு, வாரத்தில் ஒரு சாயங்காலம் ஒரு பிள்ளையோடு என்று பிரித்துக்கொண்டு, தனியாக உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். ஜானுக்கு வியாழக்கிழமை, சார்லஸுக்குச் சனிக்கிழமை. ஜான் வெஸ்லி வளர்ந்து ஆக்ஸ்போர்டில் இருந்தபோதும், அந்த வியாழக்கிழமை மாலையில் கொஞ்ச நேரத்தை எனக்கு மறுபடி தரமாட்டீர்களா என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். முன்பு இதைப் படித்தபோது நல்ல விஷயம் என்று கடந்துவிட்டேன். பிள்ளைகளைப் பிரிந்திருந்து திரும்பிய பிறகுதான், அந்தத் தாய் ஏன் அப்படிச் செய்தார்கள் என்பது எனக்குப் புரிகிறது.

அதனால் ஒரு பொருத்தனை செய்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் சாட்சியாக இருக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். அந்த நோட்டில் இன்னும் பக்கங்கள் இருக்கின்றன. அவற்றை நான் எழுதுவேன். தீர்ந்தால் வேறொன்று வாங்குவேன். ஜெபத்துக்குப் பிறகு முறை வைத்து ஒரு பிள்ளையோடு தனியாக உட்காருவேன், பேசவில்லை என்றால் சும்மா உட்கார்ந்திருப்பேன். அதைப் பெரியம்மாவிடமிருந்து கற்றுக்கொண்டேன். என் கணவரும் சேர்ந்துகொள்கிறார். மகனுடைய முதல் ஜெபம் நேற்று நோட்டில் ஏறிவிட்டது. அதில் என்ன என்பது அவனுக்கும் ஆண்டவருக்கும் இருக்கட்டும்.

பெரியம்மா, நன்றி என்றால் “என்னம்மா பெருசா செஞ்சிட்டேன்” என்கிறீர்கள். என் பிள்ளைகள் பயந்த நேரத்தில் அவர்களைத் தேவனுடைய சமுகத்தில் உட்கார வைத்தீர்கள். அவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தையும் கீழே விழாமல் எனக்காகச் சேர்த்து வைத்தீர்கள். சின்னவள் உங்களைப் பாட்டி என்று கூப்பிடுவது மரியாதைக்கு இல்லை, உரிமைக்கு. அதை நீங்கள் மறுக்கக்கூடாது. படியேறுவது இனி வேண்டாம், நாங்களே வந்து கூட்டிக்கொண்டு வருகிறோம். வாரத்தில் ஒரு நாளாவது எங்களோடு உட்காருங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். ஆஸ்பத்திரியில் எங்களுக்குக் கொண்டுவந்து கொடுத்த இரண்டு போர்வைகளும் ஒரு ஃபிளாஸ்கும் யாருடையவை என்று இன்னும் தெரியவில்லை. துவைத்து, கழுவி எடுத்து வைத்திருக்கிறேன். உங்களுடையது என்றால் சொல்லுங்கள், அல்லது ஏழரைக்கு முன்னால் வீட்டுக்கே வந்துவிடுங்கள்.

உங்கள் அன்புக்குக் கடமைப்பட்ட,
மூன்று பிள்ளைகளின் தாய்