வெள்ளைக் கழுகுகளின் கதைக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

ரொறன்ரோ சேர்பிய வெள்ளைக் கழுகுகள் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாறு தமிழில் ஒரு சிறுநூலாக அச்சகத்துக்குப் போகிறது. அதற்குமுன் ஊரறிய நன்றி சொல்லிவிட விரும்புகிறேன்.

முதல் நன்றி, எற்றோபிக்கோவில் தன் வீட்டு நிலக்கீழ் அறையை எனக்குத் திறந்துவிட்ட ஓர் அம்மாவுக்கு. 1968இல் கழகம் தொடங்கிய காலத்துப் படங்கள், ரசீதுகள், கூட்டக் குறிப்புகள் எல்லாவற்றையும் கணவர் காலமான பின்பும் அவர் காத்துவந்திருக்கிறார். கைப்பட எழுதிய, சேர்பிய மொழிக்குரிய சிரில்லிக் எழுத்தை எனக்காகப் பொறுமையாக வாசித்துச் சொன்னவர் அவருடைய பேத்தி. கழகத்தில் கூடிய சேர்பியர்களில், இரண்டாம் உலகப் போரின் பின் யூகோஸ்லாவியாவில் கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் ஆட்சிக்குத் திரும்ப விரும்பாமல் வந்தவர்கள் ஒரு பக்கம். அறுபதுகளில் யூகோஸ்லாவியா வெளிநாட்டு வேலைக்குக் கதவைத் திறந்ததும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் மறுபக்கம். அரசியலில் ஒத்துப்போகாத இவர்கள் பந்தில் ஒன்றானார்கள் என்று எழுத எனக்கு ஆசையாக இருந்தது. அம்மா விடவில்லை. பந்திலும் சண்டைதானாம், அணித்தெரிவு நாளில் இன்னும் கூடவாம்! அப்படியே எழுதியிருக்கிறேன்.

அடுத்து, எழுபதுகளில் அந்தச் சட்டையை அணிந்து ஆடிய ஐயாவுக்கு. பகலில் கட்டட வேலை, மாலையில் பயிற்சி. அவரிடம் ட்ராகொஸ்லாவ் ஷெக்குலாரட்ஸ் பற்றிக் கேட்டால் தேநீர் ஆறிப்போகும். பெல்கிரேட் நகரத்து றெட் ஸ்ரார் கழகத்தின் செல்லப்பிள்ளை. 1960 ஐரோப்பியக் கிண்ண இறுதிவரை போன, 1962 உலகக் கிண்ணத்தில் நான்காமிடம் பெற்ற யூகோஸ்லாவிய அணிகளில் ஆடியவர். ஆட்டவாழ்வின் கடைசிப் பகுதியில் ரொறன்ரோவுக்கு வந்து இந்தக் கழகத்துக்கு ஆடினார். அவர் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டால் சொந்த அணிக்காரரே ஓட மறந்து பார்த்து நிற்பார்களாம். மைக் ஸ்ரோயானோவிச் பற்றி எனக்கு முதலில் சொன்னவரும் இதே ஐயாதான். இங்கே கோல் அடித்துப் பெயர் எடுத்த ஸ்ரோயானோவிச், அமெரிக்காவின் றொச்செஸ்ரர் லான்சர்ஸ் கழகத்துக்குப் போய், பிறகு கனடாத் தேசிய அணிக்கே ஆடினார்.

மிகப் பெரிய கடன் நான் எதிர்பாராத இடத்தில் பட்டது. ரொறன்ரோ குரோவேசியா கழகத்தின் பழைய ஆதரவாளர் ஒருவர், சேர்பியக் கழகத்தைப் பற்றிய பத்திரிகைத் துணுக்குகளை வெட்டி ஒட்டி வைத்திருந்தார். "எதிரியைப் பற்றித் தெரியாமல் எப்படி வெல்வது?" என்றார். 1956இல் தொடங்கிய குரோவேசியா கழகம் வயதில் மூத்தது. சேர்பியரும் குரோவேசியரும் ஒரே நாடாக இருந்த யூகோஸ்லாவியா உடைவதற்கு எவ்வளவோ முன்பே இந்த இரு கழகங்களின் ஆட்டமென்றால் நகரத்தில் சூடு கிளம்பிவிடும். அப்படிப்பட்டவர் தன் துணுக்குப் புத்தகத்தை இரவல் தந்தார். கனடிய உதைபந்தாட்ட லீக்கின் 2007 இறுதியாட்டத்தில் வெள்ளைக் கழுகுகளைத் தங்கள் அணியே வென்றது என்பதைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னார். நூலின் எழுத்து எல்லாம் ஒரே அளவுதான், மன்னிக்கவும் ஐயா.

2006இல் வெள்ளைக் கழுகுகள் கழகம் கனடிய உதைபந்தாட்ட லீக்கில் மறுபடி இறங்கியதும், பயிற்சியாளராக அதே ஷெக்குலாரட்ஸ் வந்ததும் தனி அத்தியாயம். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் இறுதியில் தோற்று, 2008இல் கியூபெக் மாகாணத்து ட்ருவா ரிவியேர் அணியைச் சமநிலை தவிர்ப்பு உதையில் வென்றார்கள். சென்டெனியல் பார்க் மைதானத்து ஆதரவாளர்கள் அந்த நாள்களை எனக்கு விவரித்தபோது ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார், இரண்டையும் சேர்த்திருக்கிறேன். 2013இல் கனடா உதைபந்தாட்டச் சங்கம் அந்த லீக்கின் அங்கீகாரத்தை எடுத்துவிட்டது. அதனால் 2016இல் வென்ற கிண்ணத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. வேலை முடிந்து வந்து ஓடியவர்களிடம் நான் அதைக் கேட்கமாட்டேன்.

பழைய நாளிதழ்களின் நுண்படச் சுருள்களை எடுத்துத் தந்த ரொறன்ரோ நூலகப் பணியாளர்களுக்கும், கையெழுத்துப் பிரதியைப் படித்து "எங்கட ஊர்க் கழகத்துக்கும் இப்பிடி ஒருத்தன் எழுதவேணும்" என்று என்னைப் பார்த்த ஸ்காபரோத் தம்பிமாருக்கும் நன்றி. அந்தப் பார்வை புரிந்தது. முதலில் கூட்டக் குறிப்பேடுகளைத் தேடி எடுத்து வையுங்கள்.

நூல் வந்ததும் முதல் பிரதி எற்றோபிக்கோ அம்மாவுக்கு, இரண்டாவது குரோவேசிய ஐயாவுக்கு. இரவல் துணுக்குப் புத்தகத்தையும் அன்றே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
நூலாசிரியன்
ஸ்காபரோ