நான்காம் தளத்து ஏசி இருக்கை பற்றி

மதிப்பிற்குரிய மனிதவளப் பிரிவினருக்கும், நான்காம் தளத்துச் சக ஊழியர்களுக்கும்,

வணக்கம். போன திங்கட்கிழமை என் இருக்கையை ஏசிக்கு எதிரிலிருந்து மேற்கு வெயில் இறங்கும் ஜன்னலோரத்துக்கு மாற்றினீர்கள். "அவங்களுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?" என்று சிலர் கேட்டதால் சுழற்சி முறை என்றீர்கள். எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் இருப்பதற்கான மருத்துவச் சான்று உங்கள் கோப்பில்தான் இருக்கிறது.

மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அரித்துவிடும் நோய் இது. உறை போன நரம்புக்குச் சூடு ஆகாது. உடல் வெப்பம் அரை டிகிரி ஏறினாலே போதும். செவ்வாய் மதியம் மூன்று மணிக்குத் திரையில் எண்கள் கலங்கின, இடது கால் மரத்தது. சுவரைப் பிடித்தபடி கழிவறைக்குப் போய், ஈரத் துணியைக் கழுத்தில் போட்டு இருபது நிமிடம் உட்கார்ந்த பிறகே பார்வை தெளிந்தது. திரும்பி வந்ததும், "நல்லாத்தானே இருக்கீங்க, எங்க போனீங்க?" என்றார் ஒருவர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

சொல்லித் தர வேண்டியது நிர்வாகம். இரண்டு வருடமாக ஒவ்வொருவரிடமும் நானே என் நோயை விளக்கி, நம்ப வைக்கப் பாடுபட்டுக் களைத்துவிட்டேன். விவரம் தெரிந்தவரை அழைத்து எல்லாருக்கும் ஒரு வகுப்பு நடத்துங்கள். மேலாளர்களும் உட்கார வேண்டும்.

இது என்னோடு முடிவதில்லை. நம் தளத்தில் ஆட்டிசம் உள்ள ஒரு தம்பி இருக்கிறார். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். இரைச்சல் தாங்காமல் ஹெட்போன் போடுகிறார், முகம் பார்த்துப் பேசச் சிரமப்படுகிறார். அதற்குத் திமிர் என்று பெயர் வைத்திருக்கிறோம். டிஸ்லெக்ஸியா என்ற, படிக்கவும் எழுதவும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு உள்ள ஒரு பெண்ணின் எழுத்துப்பிழைகளை வாட்ஸ்அப் குழுவில் போட்டுச் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவர் வேலையை விட்டுப் போன பிறகுதான் காரணம் தெரிந்தது. இன்றும் உறுத்துகிறது.

1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊனம் 7 வகைதான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, என் நோய் மூன்றும் அதில் இருக்கின்றன. தனியார் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும் என்கிறது அதன் 21ஆம் பிரிவு. நம் அலுவலகத்தின் கொள்கையை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று வாசல் சாய்தளத்தின் முன் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொண்டோம். சாய்தளம் அவசியம்தான். ஆனால் சக்கர நாற்காலி இல்லாதவருக்கும் உதவி தேவைப்படலாம் என்று அன்று யாரும் பேசவில்லை.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அக்னி நட்சத்திரம் தொடங்குவதற்குள் என் பழைய இருக்கையைத் திருப்பித் தரக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வகுப்பை முதலில் நான்காம் தளத்துக்காவது நடத்துங்கள். தேதி சொன்னால் நானும் வந்து பேசுகிறேன்.

நன்றியுடன்,
கணக்குப் பிரிவு ஊழியர், சென்னை