‘சிறந்த மாணவர்’ விருதுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், இறுதியாண்டு மாணவர்களிலிருந்து ‘சிறந்த மாணவரை’த் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

வணிகவியல் துறையில் பல ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். இப்படிப்பட்ட தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்தும் இருக்கிறேன். பல்கலைக்கழகத் தரவரிசையோடு எனக்கு வழக்கு இல்லை. எல்லாத் தாள்களிலும் முதல் முயற்சியிலேயே தேறி, கூடுதல் மதிப்பெண் எடுத்தவருக்குத் தங்கப் பதக்கம். யாரும் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய கணக்கு அது. ஆண்டு விழாவில் நீங்கள் தரும் ‘சிறந்த மாணவர்’ கேடயமோ, மதிப்பெண்ணுக்கு அப்பாலும் எதையோ பார்த்துத் தருவதாகச் சொல்லிக்கொள்கிறது. அது எதைப் பார்க்கிறது என்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

பல கல்லூரிகளில் மாணவர் தாமாகவே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பத்தோடு ஒரு கோப்பு வரும். பிளாஸ்டிக் உறைகளுக்குள் சான்றிதழ்கள்: கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள், கருத்தரங்கக் கட்டுரைகள், இணையவழிப் படிப்புகள். 2020 பொதுமுடக்கக் காலத்தில், பத்துக் கேள்விகளுக்கு விடை சொன்னால் மின்னஞ்சலில் சான்றிதழ் வந்து விழும் வினாடி வினாக்கள் பெருகின. தொற்று ஓய்ந்த பிறகும் அந்தப் பழக்கம் ஓயவில்லை. நேரமோ மாலை ஆறு மணி. அடுத்த நாள் விழா. குழுவினர் எண்ணத் தொடங்குகிறார்கள். கோப்பு தடிமனானவர் ஜெயிக்கிறார்.

அந்தத் தடிமனுக்கு விலை உண்டு. ஐஐடி முதலிய நிறுவனங்கள் இணையத்தில் நடத்தும் என்பிடெல் பாடத்தை யாரும் இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் வேண்டுமென்றால் தேர்வுக்கு வழக்கமான கட்டணம், ஒரு பாடத்துக்கு 1,000 ரூபாய். வெளியூர்ப் போட்டிக்குப் பதிவுக் கட்டணம், பஸ் செலவு, நடனம் என்றால் உடை வாடகை. பணம் கட்டினால் எதையும் ‘சர்வதேச ஆய்விதழில்’ அச்சேற்றித் தரும் கடைகள் இருப்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. கலை, விளையாட்டுப் போட்டிகளில் மாணவர் பெறும் பரிசுகளை, கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் மதிப்பீடு தனியே கேட்கிறது. அதனால் சான்றிதழின் நகலை வாங்கிவைப்பதில் கல்லூரிக்கும் ஆவல்தான். திறமையுள்ளவர்கள் அந்தக் கோப்புகளில் இல்லை என்று நான் சொல்லவில்லை. கோப்பே இல்லாதவர்கள் அந்த அறைக்குள் வருவதில்லை என்கிறேன்.

ஷிப்ட் முறை உள்ள கல்லூரிகளில் முதல் ஷிப்ட் மதியத்தோடு முடிகிறது. நேரே ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர் என்று எந்த வகுப்பிலும் கேட்டுப் பாருங்கள். முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலை. அப்படிப் போகிறவன் இரவு பந்தி பரிமாறி, விடியற்காலை டிபனுக்கு இலை போட்டுவிட்டு முதல் மணிக்கு வந்து தூங்குவான். தை, ஆவணி மாதங்களின் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலே விஷயம் விளங்கிவிடும். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், கேட்டரிங்கில் சம்பாதித்ததிலிருந்தே குறைவுக்கான கட்டணத்தைக் கட்டித் தேர்வெழுதுகிறான். கணக்குப் பதிவியலைப் புத்தகத்தில் படித்த என்னைவிடக் கடைக் கல்லாவின் கணக்கு அவனுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் படிவத்தில் அதை எழுத ஒரு வரி கிடையாது. வருகைக் குறைவு இருந்ததா என்று கேட்க மட்டும் கட்டம் இருக்கிறது.

அதைவிடக் கொடுமை அரியர் விதி. நிலுவையில் தாள் இருக்கக் கூடாது என்றால் நியாயம். ஆறு பருவங்களில் ஒருமுறைகூட எந்தத் தாளிலும் தவறியிருக்கக் கூடாது என்று சில கல்லூரிகள் கேட்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் பிள்ளை முதல் பருவத்தில் எங்கே சறுக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும்: பகுதி இரண்டு, ஆங்கிலம். நவம்பரில் தவறி, ஏப்ரலில் அந்தத் தாளையும் இரண்டாம் பருவத் தாள்களையும் சேர்த்தே எழுதித் தேறி, இறுதியாண்டில் ஆங்கிலத்திலேயே திட்ட அறிக்கை எழுதுகிற மாணவி இந்த விருதுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. மூன்றாண்டுகளில் மிக நெடுந்தூரம் நடந்தவள் அவள்தான். அவளிடம் வருவாய்த் துறை தரும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் இருக்கலாம். தொழிற்கல்விச் சேர்க்கையில் கட்டணச் சலுகை பெற்றுத்தரும் அந்தக் காகிதத்துக்கு உங்கள் கோப்பில் உறை இல்லை. அதற்குத் தனி மதிப்பெண் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மதிப்பெண் பட்டியலைப் படியுங்கள்.

இந்த இடத்தில் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்த கணித மேதை இராமானுஜனை அழைத்துவருவது வழக்கம். நான் அழைக்கப்போவதில்லை. மேதைகளைத் தவறவிடுகிறீர்கள் என்பது என் புகார் அல்ல. நம் வளாகத்தை நடத்திக்கொண்டிருப்பவர்களைத் தவறவிடுகிறீர்கள்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டாண்டுகளில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம். இளநிலைப் பட்டத்தின் 140 கிரெடிட்டில் பகுதி ஐந்து என்ற பெயரில் அதற்குக் கிடைப்பது ஒன்றே ஒன்று. முகாமில் மேடை ஏறிப் பேசியவனுக்கும் சான்றிதழ், ஏழு நாளும் அண்டா கழுவியவனுக்கும் அதே சான்றிதழ். யார் என்ன செய்தார்கள் என்பது திட்ட அலுவலருக்குத் தெரியும். அவரை யாரும் கேட்பதில்லை. பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடங்களை வாசித்துக் கைப்பேசியில் பதிவு செய்து தருகிறவர்கள், தேர்வுக் கூடத்தில் ‘சொல்வதை எழுதுபவராக’ உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். தன் தேர்வுக்கு முதல்நாள் இன்னொருவரின் தேர்வை எழுதப் போவது சிறிய விஷயமா? அந்த நேரத்தை எந்தக் கேடயமும் கண்டுகொண்டதாக நான் பார்த்ததில்லை.

ஆகவே சில கோரிக்கைகள். விண்ணப்பிப்பதை மாணவரிடம் மட்டும் விடாதீர்கள். நூலகர், ஆய்வக உதவியாளர், விடுதிக் காப்பாளர், வகுப்புத் தோழர்கள் என யாரும் பெயர் முன்மொழியட்டும். தன்னைப் பற்றித் தானே நான்கு பக்கம் எழுதக் கூசுகிற பிள்ளைகள் நம்மிடம் அதிகம். சான்றிதழ் மூன்றுக்கு மேல் வாங்காதீர்கள். மூன்றில் எது முக்கியம், ஏன் என்று மாணவரே சொல்லட்டும். வகுப்பு முடிந்த பிறகு செய்யும் வேலைக்கும் வீட்டுப் பொறுப்புக்கும் படிவத்தில் இடம் வையுங்கள். முதலாளியிடம் கடிதம் கேட்டு அலைக்கழிக்காமல், துறைத் தலைவர் உறுதி செய்தால் போதும் என்று வையுங்கள். அரியர் விதியில் ‘நிலுவை இல்லை’ என்பதோடு நிறுத்துங்கள். நேர்காணலைத் தமிழிலும் நடத்துங்கள். ஆங்கிலம் சரளமாக வருகிறதா என்று பார்க்க அந்தப் பத்து நிமிடம் எதற்கு?

விழா மேடையில் பெயரைப் படிக்கும்போது, எதற்காக இந்த விருது என்று இரண்டு வாக்கியமும் படியுங்கள். அந்த இரண்டு வாக்கியத்தை எழுத முடியாமல் குழு திணறினால், தேர்வை மறுபடி பார்க்க விழாவுக்கு முன்பே உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

தன்னாட்சிக் கல்லூரிகள் படிவத்தை மாற்ற யார் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மற்ற கல்லூரிகளிலும் இது பல்கலைக்கழகம் தரும் விருதல்ல, கல்லூரியே தருவது. அடுத்த ஆசிரியர் மன்றக் கூட்டத்தில் முதல் பொருளாக எடுத்துக்கொண்டால், இந்த ஆண்டு வெளியேறும் பிள்ளைகளுக்கே புதிய படிவத்தைக் கொடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வணிகவியல் ஆசிரியர் ஒருவர்