பீட்சா அடுப்புக்கு அடித்தளம் போடும் முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூரில் தரை வீடு (நிலத்தோடு கூடிய தனி வீடு அல்லது தொடர் வீடு) வைத்திருப்போர் சிலருக்குக் கொல்லைப்புறத்தில் விறகு பீட்சா அடுப்பு ஒன்று கட்டிக்கொள்ளும் ஆசை வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் அதற்கு வழிகாட்டும் காணொளிகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே மண்ணிலுள்ள ஈரம் பனிக்காலத்தில் உறைந்து பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டையே தூக்கிவிடும். அதற்குப் பயந்து ஆழமாகத் தோண்டுகிறார்கள். நமக்கு அந்தப் பயம் இல்லை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் மழையும், அது வடிய வழியில்லாத களிமண்ணும்தான் இங்கே சிக்கல். அதை விட்டுவிட்டு, "கனமாகப் போட்டால் கெட்டியாக இருக்கும்" என்று 300 மி.மீ. கான்கிரீட் கேட்பவர்களும் இருக்கிறார்கள், போட்டுக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

முதலில் எடைக் கணக்கு. மண்மீது கீழ்த்தளம், அதன்மேல் ஹாலோ பிளாக் (உள்ளே துளையுள்ள கான்கிரீட் கல்) சுவர்கள், அவற்றின்மேல் மேல்தளம், அதன்மேல் அடுப்பு என்பதுதான் அமைப்பு. உள்விட்டம் 1 மீட்டர் உள்ள செங்கல் அடுப்புக்குக் கீழ்த்தளம் 1.8 மீட்டர் அகலம், 2 மீட்டர் நீளம் போதும். அடுப்பு ஏறக்குறைய 900 கிலோ, அதைத் தாங்கும் மேல்தளம் 700 கிலோவுக்குச் சற்று அதிகம், ஹாலோ பிளாக் சுவர்கள் 750 கிலோ, 150 மி.மீ. கனத்தில் கீழ்த்தளம் 1,300 கிலோ. ஆக மொத்தம் 3.7 டன்னுக்குள் அடங்கும். அதைப் பரப்பளவால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 1 டன். ஒரு மீட்டர் ஆழத் தண்ணீர்த் தொட்டி தரையை அழுத்துவதும் இதே அளவுதான். கெட்டிமண் எதுவும் இதை அலுங்காமல் தாங்கும். கனத்தை இரட்டிப்பாக்கினால் இன்னொரு 1,300 கிலோவை மண்மீது ஏற்றுகிறோமே ஒழிய, மண்ணின் பலம் கூடப்போவதில்லை.

மண் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. புக்கிட் தீமா பக்கம் கருங்கல் சிதைந்து உண்டான கெட்டியான மண். காலாங் ஆற்றுப் படுகை போன்ற தாழ்நிலங்களில் மென்மையான கடல் களிமண். எந்த வட்டாரமானாலும் வீட்டுச் சுவரை ஒட்டிய பகுதியை நம்பக்கூடாது. வீடு கட்டியபோது தோண்டி, பிறகு அள்ளிப் போட்டு நிரப்பிய மண் அது. பழைய வீடுகளில் சுவரோரத் தளம் விரிசல் விட்டுச் சாய்ந்திருப்பதைப் பார்த்தாலே தெரியும். அதனால் அடுப்பின் தளத்தை வீட்டின் தளத்தோடு இணைத்து வார்க்க வேண்டாம். இரண்டுக்கும் நடுவே 20 மி.மீ. இடைவெளி விட்டு நுரைப்பட்டை வைத்து அடைக்கவும். வீடு கடைக்காலில் நிற்கிறது, அடுப்பு மண்ணில் நிற்கிறது. இரண்டும் ஒரே அளவில் இறங்காது. சேர்த்துக் கட்டினால் நடுவில் பிளக்கும்.

மேல்மண்ணையும் புல்வேரையும் அகற்றி 250 மி.மீ. தோண்டுங்கள். அதில் 150 மி.மீ. உடைகல் போட்டு, 75 மி.மீ. வீதம் இரண்டு அடுக்காக, கம்பாக்டர் வைத்து இறுக்க வேண்டும். ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் இறுக்கினால் அடிப்பகுதி தளர்ந்தே கிடக்கும். இதன்மேல் 150 மி.மீ. கான்கிரீட் வந்தால் தளம் தரைமட்டத்துக்கு 50 மி.மீ. உயர்ந்து நிற்கும். மழைநீர் அதன்மேல் ஏறாமலிருக்க இந்த உயரம் அவசியம்.

களிமண்ணில் ஒரு கூடுதல் வேலை உண்டு. களிமண்ணில் குழி தோண்டி உடைகல் நிரப்பினால் அந்தக் குழியே தொட்டியாகிவிடும். சுற்றியுள்ள மழைநீர் அதற்குள் வந்து தேங்கும், அடிமண் ஊறிக் குழையும், தளம் ஒரு பக்கமாக இறங்கும். இதைத் தவிர்க்க, குழியின் அடியை ஒரு பக்கம் சாய்வாக வெட்டி, துளையுள்ள பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் பதித்து, வீட்டின் மழைநீர் வடிகாலுக்கு வழி விடவும். மண்ணுக்கும் உடைகல்லுக்கும் இடையே நீரை மட்டும் விடும் வடிதுணி விரித்தால் களி மேலேறிக் கற்களுக்குள் புகாது. வேலையை மிச்சப்படுத்துகிறேன் என்று குத்தகைக்காரர் முதலில் விட்டுவிடுவது இந்தக் குழாயைத்தான்.

உடைகல்மேல் 0.25 மி.மீ. பாலித்தீன் விரிப்பு. அதன்மேல் பிஆர்சி வலை (பற்றவைத்த இரும்புக் கம்பி வலை): 7 மி.மீ. கம்பி, 200 மி.மீ. இடைவெளி. வலை தளத்தின் மேற்பரப்பிலிருந்து 50 மி.மீ. கீழே இருக்க வேண்டும். கவர் பிளாக் (வலையை உயர்த்தித் தாங்கும் சிறு கட்டை) வைக்காமல் வலையைத் தரையில் போட்டுவிட்டு, கான்கிரீட் கொட்டும்போது கொக்கியால் தூக்கிக்கொள்ளலாம் என்பார்கள். தூக்கிய இடத்தில் யாராவது கால் வைத்தால் மறுபடி அடியில் போய்விடும். அடியில் கிடக்கும் கம்பி விரிசலையும் தடுக்காது, ஈரம் பட்டுத் துருவும் பிடிக்கும்.

கலவைக்கு வருவோம். 0.54 கன மீட்டர் தேவை. கனஅளவில் ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி என்றால் 200 கிலோ சிமெண்ட், 0.28 கன மீட்டர் மணல், 0.42 கன மீட்டர் ஜல்லி. சேதாரத்துக்குப் பத்து விழுக்காடு கூட்டிக்கொள்ளுங்கள். தண்ணீர் 100 லிட்டருக்கு மேல் வேண்டாம். இங்குதான் பலரும் ஏமாறுகிறார்கள்: மழையில் நனைந்த மணல் தன் எடையில் ஐந்து விழுக்காடு ஈரம் வைத்திருந்தால், அதிலேயே 20 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. அதைக் கழிக்காமல் 100 லிட்டரையும் ஊற்றினால் கலவை இளகும், பரப்ப சுலபமாக இருக்கும், காய்ந்தபின் மேற்பரப்பு மாவாக உதிரும். ஈர மணல் உப்பி நிற்பதால் வாளிக் கணக்கில் அளந்தால் மணல் குறைவாகவே விழும் என்பதும் நினைவிருக்கட்டும்.

பிற்பகலில் இடியுடன் மழை வரும் ஊர் இது; காலையிலேயே வார்த்து முடிப்பது நல்லது. மேலே வரும் சுவரின் முனைகளில் கம்பி நீட்டிக்கொண்டிருக்க வேண்டிய இடங்களில் 12 மி.மீ. கம்பியை முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள். வார்த்தபின் ஏழு நாள் ஈரமாக வைக்க வேண்டும். ஆனால் இந்தியாவில் செய்வதுபோல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்காதீர்கள். அந்த ஏழு நாளில் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து இறக்கை முளைத்துப் பறந்துவிடும். நனைத்த சாக்கை விரித்து மேலே பிளாஸ்டிக் போட்டு மூடினால் போதும். ஹாலோ பிளாக் சுவருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். மேல்தளம் வார்க்கும்வரை அதன் துளைகள் வானம் பார்த்துக் கிடந்தால் ஒவ்வொன்றும் ஒரு கொசுத்தொட்டி. முனைத் துளைகளில் கம்பி விட்டுக் கான்கிரீட் நிரப்புங்கள், மற்றவற்றை அன்றன்றைக்கு மூடிவிடுங்கள்.

சுவர் மூன்று பக்கம், முன்பக்கம் திறப்பு. அடுப்பின் தரை முழங்கை உயரத்தில், அதாவது சுமார் 1.1 மீட்டரில் அமையும்படி சுவர் உயரத்தைக் கணக்கிடவும். மேல்தளம் 120 மி.மீ. போதும். கீழ்த்தளத்துக்கு மாறாக இங்கே கம்பி அடிப்பக்கம், 25 முதல் 30 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) விட்டு. காரணம், சுவருக்குச் சுவர் பாலமாக நிற்கும் தளம் அடியில்தான் இழுபடும். தட்டு வைக்க முன்புறம் 200 மி.மீ. நீட்டிக்கொண்டால் அந்த நீட்டலில் மட்டும் இழுவிசை மேற்பக்கம் வரும். அங்கே மேலேயும் கம்பி வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் மேஸ்திரி ஒரே வலையை அடியில் போட்டு முடித்துவிடுவார், நீட்டலின் வேரில் முதல் ஆண்டிலேயே கோடு விழும். மேல்தளத்தின் அடியில் கொடுத்த முட்டுகளைப் பதினான்கு நாள்வரை எடுக்க வேண்டாம்.

இனிதான் மிக முக்கியமான அடுக்கு. தீச்செங்கல்லை நேராகக் கான்கிரீட்மேல் பதிக்கவே கூடாது. நாப்போலி முறையில் பீட்சா சுட அடுப்பின் தரை 400 பாகை செல்சியசை எட்ட வேண்டும். சாதாரணக் கான்கிரீட் 300 பாகைக்கு மேல் பலம் இழக்கத் தொடங்கும். அது பிழைத்தாலும், வெப்பம் முழுவதும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இரண்டாவது பீட்சாவுக்கே அடிப்பாகம் வெளுத்துப்போகும். நடுவே 100 மி.மீ. பெர்லைட் என்ற இலேசான கனிமத் துகள் கலவை (ஐந்து பங்கு பெர்லைட்டுக்கு ஒரு பங்கு சிமெண்ட்) அல்லது 50 மி.மீ. கால்சியம் சிலிகேட் பலகை இருக்க வேண்டும். கான்கிரீட் கடத்தும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட அந்தப் பலகை கடத்தாது.

ஆனால் இவை இரண்டும் உலர்ந்திருந்தால்தான் வேலை செய்யும். பெர்லைட் கலவையில் நாம் ஊற்றும் தண்ணீரே ஏறக்குறைய 50 லிட்டர். அதில் பாதிக்கு மேல் சிமெண்ட்டோடு சேராமல் அப்படியே தங்கும். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க சுமார் 2.6 மெகாஜூல் வெப்பம் செலவாகிறது. அடுப்பு மூன்று மணி நேரம் எரிந்தும் சூடேறவில்லை என்றால் விறகைக் குறை சொல்ல வேண்டாம், அடியில் ஈரம் இருக்கிறது. இதற்காக மேல்தளம் வார்க்கும்போதே 20 மி.மீ. பிவிசி குழாய்த் துண்டுகளால் ஐந்தாறு வடிதுளைகள் விடவும். பலகை வைப்பதானால் அதன் அடியில் சிறு தரையோட்டுத் துண்டுகளை இடைவெளி விட்டுப் பரப்பினால் தண்ணீர் துளைவரை ஓட வழி கிடைக்கும். பிறகு துளையிட நினைத்தால் கம்பியில் மாட்டும். அடுப்புக்கு மேல் கூரை போடுவதையும் இந்தச் செலவோடு சேர்த்தே திட்டமிடுங்கள். மழைக்காலத்தில் பூச்சு மட்டும் ஈரத்தைத் தடுக்காது.

தரைச் செங்கற்களை மணலும் தீக்களிமண்ணும் கலந்த 10 மி.மீ. படுகையில் காரை இல்லாமல் அடுக்கினால் போதும். விரிய இடம் கிடைக்கும், உடைந்ததை மாற்றவும் முடியும். அடுப்பு கட்டி முடித்து நான்கு வாரம் ஆனபின் 100 பாகையில் சிறு தீ, அடுத்தடுத்த நாள்களில் 50 பாகையாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டால் சிக்கிய நீராவி செங்கலைச் சிதறடிக்கும். கீழே விறகு அடுக்குவோர் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரும்புச் சட்டம் வைத்து அடுக்குங்கள்; கரையான் அங்கிருந்துதான் வீட்டுக்குள் வரும்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது கழிவுநீர்க் குழாய் எங்கே போகிறது என்று பாருங்கள். தொடர் வீடுகள் பலவற்றில் அது கொல்லைப்புறம் வழியாகத்தான் செல்கிறது, ஆய்வுத் தொட்டியின் மூடியும் அங்கேயே இருக்கும். அதன்மேல் 3.7 டன் ஏற்றக்கூடாது. பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் கேட்டு உறுதி செய்துகொண்டு, கட்டட, கட்டுமான ஆணையத்தின் அனுமதி தேவையா என்றும் விசாரித்துவிடுங்கள். புகை அண்டை வீட்டுச் சன்னலுக்குப் போகுமா என்பதைப் புகைபோக்கி வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

வீட்டுப் புதுப்பிப்பு நிறுவனங்களுக்கு ஒரு வேண்டுகோள். விலைப்பட்டியலில் "அடுப்பு அடித்தளம், கான்கிரீட்" என ஒரே வரியில் முடித்துவிடாமல், உடைகல்லின் கனம், வடிகுழாய் உண்டா இல்லையா, கம்பி எத்தனை மி.மீ., எந்த ஆழத்தில், வெப்பத்தடுப்பு அடுக்கு எது, எவ்வளவு கனம், வடிதுளைகள் எத்தனை என்று தனித்தனி வரிகளாக எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர்களும் இந்த வரிகள் இல்லாத பட்டியலில் கையெழுத்திட வேண்டாம். கான்கிரீட் மூடியபின் இவற்றில் எதையும் கண்ணால் சரிபார்க்க முடியாது. எனவே கலவை கொட்டும் முன் வலையையும் குழாயையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கட்டுமானத் துறை வாசகர்,
சிராங்கூன்