ஃபாரடே மாலைக்குக் கைகொடுத்தோருக்கு நன்றி மடல்

இராயபுரம் சுற்றுவட்டாரப் பெருமக்களுக்கு வணக்கம்.

மின்சாரத்துக்கும் வேதிமாற்றங்களுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் மின்வேதியியலின் முன்னோடியும் தேர்ந்த ஆசிரியருமான மைக்கேல் ஃபாரடேயின் பிறந்தநாளான செப்டம்பர் 22 அன்று எங்கள் இரவுப் பாடசாலை மாணவர்கள் நடத்திய செய்முறைக் கண்காட்சிக்கு, கேட்டும் கேளாமலும் உதவிய அனைவருக்கும் நன்றி.

முதலில் மண்ணடி பைண்டிங் கடைப் பெரியவருக்கு. 1791இல் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஃபாரடே, பதினான்காம் வயதில் இலண்டனில் ஒரு பைண்டிங் கடையில் தொழில் பழகச் சேர்ந்து, அங்கு வந்த நூல்களை வாசித்தே அறிவியலுக்குள் நுழைந்தவர். 1812இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டு எழுதிய குறிப்புகளைத் தாமே பைண்டு செய்து அவருக்கு அனுப்பியதுதான், மறு ஆண்டு இலண்டனின் அறிவியல் நிறுவனமான ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஃபாரடேக்கு உதவியாளர் வேலை கிடைக்க வழி செய்தது. பெரியவர் எங்கள் மாணவர்களுக்கு நூல் கோக்கவும் பசை தடவவும் கற்றுத்தந்தார். பசைக்கான காசைக்கூட வாங்கவில்லை.

அடுத்து, முலாம் பட்டறை உரிமையாளர். மயில்துத்தக் கரைசலில் இரண்டு செப்புத் தகடுகளை நிறுத்தி மின்சாரம் செலுத்தினால், எதிர்மின்வாயில் (மின்கலத்தின் எதிர்முனையோடு இணைத்த தகட்டில்) படியும் செம்பின் எடை, செலுத்திய மின்னூட்டத்துக்கு (மின்சாரத்தின் மொத்த அளவுக்கு) நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஃபாரடேயின் முதல் விதி. பாடப்புத்தகத்தில் இது ஒரு வரி. எங்கள் ஒத்திகையிலோ செம்பு கருகித் தூளாய் உதிர, கலங்கி நின்றோம். அவர் எட்டிப் பார்த்து, "ஆம்ப்ஸைக் குறைங்க சார், அவசரப்பட்டா ஒட்டாது" என்றார். அன்று மாலை ஒரு ஆம்பியரில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நகைப்பட்டறைக்காரர் இரவல் தந்த தராசில் நிறுத்தபோது, கணக்குப்படி 1.19 கிராம் ஏறியிருக்க வேண்டிய தகட்டில் 1.17 கிராம் ஏறியிருந்தது. எழுந்த கைதட்டல் தெருமுனை வரை கேட்டதாம்.

இடையில் மின்தடை ஏற்பட்டிருந்தால் இது நடந்திராது என்பதால், ஆட்டோ பேட்டரியைக் கழற்றித் தந்து ஒரு மாலைச் சவாரியை இழந்த தம்பிக்குத் தனி நன்றி. அந்தப் பேட்டரிக்குள் நடப்பதும் மின்வேதியியலே.

காசிமேட்டு விசைப்படகுக்காரர்கள், இரும்பு அரிக்காதிருக்கப் பொருத்தும், அதற்குப் பதில் தான் கரைந்து பாதியாகிப்போன 'ஜிங்க்' (துத்தநாக) கட்டி ஒன்றைத் தந்தனர். 1824இல் டேவி கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்க இதே உத்தியைக் கையாண்டார். செம்பு தப்பியது, ஆனால் சிப்பிகளை விரட்டும் செம்பு நீரில் கரையாததால் கடற்சிப்பிகள் தாராளமாக ஒட்டிக்கொண்டன. இதைக் கேட்டு அதிகம் சிரித்தவர்கள் படகுக்காரர்களே.

1827 முதல் 1860 வரை 19 முறை, கிறிஸ்துமஸ் காலத்தில் இளையோருக்குச் சொற்பொழிவாற்றிய ஃபாரடே, கடைசி முறை ஒரு மெழுகுவத்தியை வைத்தே வேதியியலை விளக்கினார். எங்களுக்கு மெழுகுவத்திகள் தந்த தேவாலய வாசல் கடை அம்மாவுக்கும், கூடம் தந்த தலைமை ஆசிரியைக்கும் நன்றி.

இரவல் வாங்கியவற்றைத் திருப்பிவிட்டோம். ஒரு பித்தளைத் தாம்பாளம் மட்டும் யாருடையதெனத் தெரியவில்லை. உரியவர் மாலை ஆறு மணிக்கு மேல் வந்து பெற்றுக்கொள்ளலாம்.

நன்றியுடன்,
இரவுப் பாடசாலை ஆசிரியர்கள், மாணவர்கள்
இராயபுரம்